மூணு ரோடும் ஒரே ஓடைக்கு

கையை நிறுத்தினா அடிப்பிடிச்சுரும். புளிக்காச்சலுக்கு அது ஒண்ணுதான் சட்டம், மத்ததெல்லாம் அவுகவுக கைப்பக்குவம். நல்லெண்ணெ மேல மிதந்து வார வரைக்கும் கரண்டியைக் கீழ வைக்கக் கூடாது. கை இங்கன கிடந்து கிண்டும், மனசு எந்தக் காட்டுக்கு வேணும்னாலும் போய்ட்டு வரும், அதுக்கு யாரு மூக்கணாங்கயிறு போட. வெளிய ஏதோ சத்தம் கேக்கு. தூறலா, மேல் வீட்டுக்காரன் டேங்கு நெறஞ்சு வழியுதா? ஜன்னலைத் திறந்து பாத்தாத் தெரிஞ்சுரும். பாக்க மாட்டேன். நான் பாத்தா நின்னுரவா போவுது. மத்தியானம் சாப்பிட்ட கையோட என் மவன் ராமன் மேசையில போனை வச்சுக்கிட்டு எங்க எல்லாருக்கும் பாடம் எடுத்தான். முழுப்பேரு செண்பகராமன். பெங்களூர்ல ராம்னு கூப்பிடுதாங்களாம், பேரைக்கூட அரைப்படியா அளந்துட்டானுவ. நாளைக்கு விடிஞ்சா கார்ல கல்லோடை சாஸ்தா கோயிலுக்குப் போறோம். பேத்திக்கு முடியிறக்கணும். ஒரு வயசு முடியதுக்குள்ள குலதெய்வத்துக்கு முடியைக் குடுத்துரணும், இவனுக்கோ வேற லீவு கிடையாது, கடல்ல பாத்தா காத்தழுத்தம்னு டிவிக்காரன் ரெண்டு நாளா வட்டம் வட்டமாப் போட்டுக் காட்டுதான். "எம்மா, நீ மழைக்குப் பயப்படாத. பிளான் ஏ, பிளான் பி, பிளான் சி, எல்லாம் போட்டாச்சு." முக்கூடல் வழி போறது ஏ. அங்க ரோட்டுல தண்ணி நின்னா சேரன்மாதேவி, அம்பாசமுத்திரம்னு சுத்திப் போறது பி. அதுவும் சரிவரலைன்னா ஆலங்குளம் போய்க் கடையத்துல இறங்குறது சி. அம்பாசமுத்திரத்துல லாட்ஜ்ல ரூம் போட்டு வச்சிருக்கான். கார் ரிப்பேரானா வந்து நிக்க மெக்கானிக் நம்பர். பிள்ளைக்கு மழைக்கோட்டு மட்டும் பாக்கி, அதை வாங்கத்தான் இப்ப அவுக அப்பா ஸ்கூட்டரை எடுத்துட்டுப் போயிருக்கான். வெள்ளம் வருமுன்னே அணை போடணும்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்ததை இந்தப் பய ஒருத்தன்தான் ஒழுங்காக் கேட்டிருக்கான் போல. பெருமையாத்தான் இருந்துச்சு.

நான் கேட்டேன், "அது சரிடே, கடைசில?" "கடைசில என்னம்மா?" "கடைசில கல்லோடை?" அவன் போன்ல ரெண்டு விரலை வச்சு விரிச்சான். மூணு கோடும் மூணு திக்குல இருந்து வந்து ஒரு இடத்துல ஒண்ணாச் சேர்ந்துச்சு, சேர்ந்த இடத்துக்கு அங்கன ஒரு நீலக் கோடு, தலைமுடி கனத்துக்கு. "இதுவா? இது சின்ன ஓடைம்மா. வருசம் முழுக்கக் காஞ்சுதான் கிடக்கும்." ஆமாய்யா, சின்ன ஓடைதான். ஆடு நின்னு ஒண்ணுக்கு இருந்தா அந்த அளவுக்குத்தான் தண்ணி ஓடும் அதுல. மலையில மழை பெஞ்சாத்தான் அதுக்கு வேற மூஞ்சி. இதை எப்பிடி அவன் போன் காட்டும். ஏன்னு தெரியல, நான் அதைச் சொல்லலை. சோத்துத் தட்டைக் கழுவ எடுத்துட்டு வந்துட்டேன். மூணு ரோடு போட்டிருக்கான் என் மவன், மூணும் ஒரே ஓடைக்குப் போவுது. ஏ-யும் போறதுக்குத்தான், பி-யும் போறதுக்குத்தான், சி-யும் போறதுக்குத்தான். எந்த எழுத்துலயும் வீடு இல்ல. தண்ணி வந்துருச்சுன்னா வண்டியைத் திருப்பி வீட்டுக்கு வரணும்னு ஒரு பிளான் போடத் தெரியலையே இவ்வளவு படிச்ச பிள்ளைக்கு. அவனைச் சொல்லி என்ன. எங்க குடும்பத்துல அப்படி ஒரு எழுத்தே கிடையாது.

யக்கா, உப்புப் பத்தலை. இந்தா வந்துட்டா. புளி கொதிக்க ஆரம்பிச்சா அடுப்படிக்குள்ள வந்து நிப்பா என் தங்கச்சி. உலகம்மா, உலகுன்னு கூப்பிடுவோம். ருசி பாக்கதுக்குன்னே பொறந்தவ, உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு நக்கிப் பாத்துட்டு உப்புப் பத்தலைன்னுதான் சொல்லுவா, கடலையே கரைச்சு ஊத்தினாலும் பத்தாது அவளுக்கு. போட்டி, போ. உனக்கு நாக்கு எங்க இருக்கு உப்புப் பாக்க. இல்ல, போவாத, இரு. இப்பிடித்தான், போன்னு சொன்னாலும் மனசு அடிச்சுக்கிடுது, இருன்னு சொன்னாலும் அடிச்சுக்கிடுது. அவளுக்கு வண்டி ஆகாது. பஸ்சு பொறப்படதுக்கு முன்னாடியே குமட்டும். கையில ஒரு எலுமிச்சம்பழத்தை வச்சு மோந்துக்கிட்டே, ஜன்னலோரத்துலதான் உக்காருவா. கல்யாண வீட்டுக்கு வேன்ல போனா ஜன்னலோரத்துக்குச் சின்னப் பிள்ளைகளோட சண்டை போடுவா, கழுதை வயசாயும். அவ போனதுல இருந்து இந்த வீட்டுல எலுமிச்சம்பழச் சோறு கிடையாது. யாரும் கேட்டதும் கிடையாது. கட்டுச்சோறுன்னா புளியோதரை, அவ்வளவுதான். ஆனா மருமவ அபிநயாவுக்குத் தெரியாதுல்ல. நேத்து கடைக்குப் போயி நல்லா மஞ்சளா நாலு பழம் வாங்கிட்டு வந்து ஃபிரிட்ஜ்ல வச்சிருக்கா, நாளைக்குக் கார் டயருக்கு அடியில வச்சு நசுக்க. பால் எடுக்கத் திறந்தேன், நாலும் என்னையப் பாத்துச்சு. பாலை எடுக்காமலே மூடிட்டேன். இவுக கடுங்காப்பி குடிச்சாக. ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலையே மனுசன்.

பெருங்காயம் போட்டேனா? போட்டேன். வெந்தயப் பொடி கடைசில. இவுகன்னா என் வீட்டுக்காரர், சங்கரலிங்கம். கரண்டு ஆபீசுல ஃபோர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவுக. ஒரு காலத்துல தெரு முக்குல நின்னு பேசினா கம்பத்து உச்சியில தொங்குதவனுக்குக் கேக்கும். சப்ளை நிப்பாட்டியாச்சு, தொடுலன்னு இவுக குரல் குடுத்தாத்தான் கம்பியில கை வைப்பானுவ. அந்தத் தொண்டையை நம்பி எத்தனை பேர் உசுரு இருந்துச்சுன்னு அவுக செட்டு ஆளுவ சொல்லுவாங்க. எனக்கும் அதுல ஒரு கர்வம் உண்டு, மறைப்பானேன். அடுப்படியில நான் இருந்தா வாசல்ல இருந்து கூப்பிடுவாக, பக்கத்துத் தெரு ஆவுடையம்மாளும் திரும்பிப் பாப்பா. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. இப்ப அந்தத் தொண்டை இல்ல. இருக்கு, சத்தம் வரல. தண்ணி குடுன்னு கேட்டா நான் வாயைப் பாத்துப் புரிஞ்சுக்கிடணும். டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனான் ராமன். தொண்டையில ஒண்ணும் இல்லைன்னுட்டாரு. எனக்குத் தெரியாதாய்யா தொண்டையில ஒண்ணும் இல்லைன்னு. நாளைக்குக் காலையில வாசல்ல சூடம் காட்டி, பூசணிக்காயைச் சுத்தி உடைச்சு, தேங்காயை உடைக்கப் போறது இவுகதான், வீட்டுக்கு மூத்தவுக. தேங்காய் உடைச்சவுக சொல்லுதான் வண்டிக்குச் சொல்லு. அது எங்க வழக்கம். டிரைவர் யாரா இருந்தாலும் சரி, எவ்வளவு படிச்சிருந்தாலும் சரி, சாமிக்குப் பொறப்பட்ட வண்டியில தேங்காய் உடைச்ச ஆளுதான் ராசா. கிளம்புன்னா கிளம்பணும், நில்லுன்னா நிக்கணும். திருப்புன்னு மட்டும் யாரும் சொன்னது கிடையாது. சாமி வண்டி திரும்பக் கூடாது. எதையாவது மறந்து வச்சுட்டு வந்தாக்கூட ஆள் இறங்கி நடந்து போய்த்தான் எடுத்துட்டு வரணும், வண்டி திரும்பாது. திரும்பினா, வாசலுக்கு வந்த சாமியை முதுகு காட்டி அனுப்பின மாதிரியாம். எந்தப் புண்ணியவான் சொல்லிவச்சானோ. அவன் காலத்துல மாட்டுவண்டி இருந்திருக்கும். மாட்டுக்கு அறிவு இருக்கும், தண்ணியைக் கண்டா அதுவே நின்னுக்கிடும்.

எண்ணெ இன்னும் பிரியல. அன்னைக்கும் கார்த்திகை மாசந்தான். ராமனுக்கு வேலை கிடைச்சா பொங்கல் வைக்கிறதா நேந்திருந்தோம், கிடைச்சுது, அவனுக்கு லீவு கிடைக்கல, நாங்க மட்டும் டெம்போ வேன் பிடிச்சுப் போனோம். அவுக தேங்காய் உடைச்சாக. ஒரே போடு, சரிபாதியா உடைஞ்சுச்சு. நல்ல சகுனம்னு எல்லாருக்கும் சிரிப்பு. கல்லோடைத் தரைப்பாலத்துக்குப் போறப்போ தண்ணி பாலத்து மேல ஓடுது. பெருசா ஒண்ணும் இல்ல, கணுக்கால் நனையும். மேல மலை இருட்டா இருக்கு. டிரைவர் பய நிப்பாட்டிட்டு, அண்ணாச்சி, என்ன செய்யன்னு திரும்பி இவுக மூஞ்சியைப் பாக்கான். மழை வேன் கூரையில அடிக்கிற அடியில பேச்சே கேக்கல. அப்பத்தான் உலகு எந்திரிச்சா. அவ ஒரு மஞ்சச் சேலை கட்டியிருந்தா, பழைய நூல் சேலை, வாந்தி வந்தா நனைஞ்சாலும் போட்டும்னு பழசு. கைப்பையில இருந்து ஒரு காசை எடுத்தா. "அத்தான், காசு முடிஞ்சு வச்சிருவோம். சாமிட்ட தவணை கேட்டுட்டு இன்னொரு நாள் வருவோம். மஞ்சத் துணி இல்லைன்னா என்ன, மஞ்சச் சேலைதான கட்டியிருக்கேன்." சொல்லிக்கிட்டே முந்தியில காசை வச்சு முடிஞ்சுட்டா. நேத்திக்கடனை நேரத்துக்குச் செய்ய முடியலைன்னா மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வைக்கிறது ஊர்ல எல்லாரும் செய்யதுதான். சாமியும் ஒத்துக்கிடும். வண்டி திரும்பதுக்கு வழி இருந்துச்சு, அதை அவ சொன்னா, வண்டி கட்டினா வாந்தி எடுக்கவ சொன்னா. இவுக சிரிச்சாக. அந்தப் பெரிய தொண்டையால மழையை அமுக்கிக்கிட்டுச் சிரிச்சாக. "உனக்குக் குமட்டுது, அதுக்கு சாஸ்தா மேல பழியைப் போடாத. சாமி வண்டி திரும்பாது. நீ போடே தம்பி." கெட்ட எண்ணமா? இல்லவே இல்ல. கேலி. மச்சினியைக் கேலி பண்ணுத கேலி. நாங்களும் சிரிச்சோம். உலகும் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே உக்காந்தா, எலுமிச்சம்பழத்தை மோந்தா.

பாதிப் பாலத்துல இஞ்சின் நின்னுச்சு. கிண்டு, கிண்டு, நிறுத்தாத. தண்ணி வந்த சத்தத்தை நான் யார்ட்டயும் சொன்னது இல்ல. ரயில் மாதிரியா, சேச்சே, ரயிலு நல்ல சத்தம். வண்டி சாஞ்சுச்சு, அவ ஜன்னல் பக்கமாச் சாஞ்சுச்சு. மேல் பக்கத்துக் கதவு வழியா எங்களை எல்லாரையும் இழுத்து வெளிய போட்டாக, இவுகதான் இழுத்தாக, ஒவ்வொருத்தரா, தோள்பட்டை விலகுத அளவுக்கு. நான் அவ சேலையைப் பிடிச்சிருந்தேன். கையைத்தான் பிடிக்கப் போனேன், கிடைச்சது முந்தி. முந்தியை விடல. சாமி சத்தியமா விடல. பழைய நூல் சேலை, கிழிஞ்சுட்டு. என் கையில ஒரு முழம் மஞ்சத் துணி, அதுல ஒரு முடிச்சு. மறுநா கீழ மூங்கில் புதர்ல கிடைச்சா. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்னன்னு ஒரு சொலவடை சொல்லுவாங்கல்ல, அதை எவளாவது என் முன்னாடி சொன்னா எந்திரிச்சுப் போயிருவேன். சாணுக்கும் முழத்துக்கும் வித்தியாசம் உண்டு. எனக்குத் தெரியும் அது எவ்வளவுன்னு. என் கையில இருந்துச்சு.

இவுகளை நான் வைய்யல. வைஞ்சிருக்கணும். அன்னைக்கே நாக்கைப் பிடுங்குத மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தா ரெண்டு பேருக்கும் தேவலையா இருந்திருக்கும். கேக்கல. துட்டிக்கு வந்தவுக எல்லாரும் விதின்னாங்க, சாமி கூப்பிட்டுக்கிட்டுன்னாங்க, நானும் தலையை ஆட்டினேன். அன்னையில இருந்து இந்த வீட்டுல மழையைப் பத்தி யாரும் பேச மாட்டோம். மழை பெஞ்சா துணி எடுக்கணும், அவ்வளவுதான் பேச்சு. ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிடாத குறை, அப்பிடி ஒத்துமையாத்தான் இருக்கோம்னு சனங்க சொல்லுது. உள்ள என்ன கிடக்குன்னு யாருக்குத் தெரியும். சில நாள் அவுக தூங்குத மூஞ்சியைப் பாத்தா, தலையணையை எடுத்து நாலு சாத்து சாத்தணும்னு தோணும், அடுத்த நிமிசமே போர்வையை இழுத்து விடுவேன். கொலைகாரா-ன்னு ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துட்டு இறங்கிப் போவும். என் தொண்டையிலயும் ஒண்ணும் இல்ல, டாக்டர்ட்ட காமிச்சா.

சத்தம் கூடுது. டேங்கு இல்ல, மழைதான். மழைன்னு ஒத்துக்கிட்டா இப்ப என்ன கெட்டுப்போவுது. மலையில பெய்யுமா? இங்க இப்பிடின்னா அங்க? மத்தியானம் பாத்திரம் தேய்க்கும்போது மருமவட்ட மெதுவா ஆரம்பிச்சேன். "ஏம்மா, தண்ணி கிண்ணி வந்தா நாளைக்குப் பாதியில திரும்பிருங்க, என்ன." அந்தப் பிள்ளை பதறிட்டா. "அத்தை, கிளம்புறதுக்கு முந்தின நாள் அப்படிச் சொல்லாதீங்க. எங்க அம்மாவும் சொன்னாங்க, சாமி காரியத்துக்குப் போகும்போது திரும்புறதுன்னு வாயில வரவே கூடாதுன்னு." அவுக அம்மா சொன்னாகளாம். எல்லா அம்மாவும் இதைத்தான் சொல்லிக் குடுக்கோம். ராமன்ட்டச் சொன்னா, பிளான் பி இருக்கும்மாம்பான். அவன் ஸ்டியரிங்கப் பிடிச்சுட்டான்னா அவுக அப்பனைவிடப் பிடிவாதம். லீவு இல்ல, பூசாரிக்குச் சொல்லியாச்சு, வந்தது வந்துட்டோம், கணுக்கால் தண்ணிதான, போயிரலாம். எனக்கு அவன் குரல்லயே கேக்கு, அவன் இன்னும் சொல்லாததை. அப்ப பின் சீட்டுல நான் இருப்பேன், மடியில பேத்தி இருப்பா, நெத்தியில மை வச்சு, நாளைக்கு இறக்கப்போற அந்தச் சுருட்டை முடியோட. நான் கத்துவேன். கத்தினா? அம்மா பயப்படுதா, அவ்வளவுதான். உலகு சொன்னதை யாரு கேட்டா, ஆவுடையம்மா சொல்லுததைக் கேக்க. ஒரே ஒரு ஆளு சொன்னா வண்டி திரும்பும். முன் சீட்டுல உக்காந்திருக்க ஆளு, தேங்காய் உடைச்ச ஆளு. அந்த மனுசனுக்கு வாயில சத்தம் இல்ல. தண்ணியைப் பாத்தா அவுக என்ன செய்வாக? அன்னைக்கு மாதிரிச் சிரிப்பாகளா? கண்ணை மூடிக்கிடுவாகளா? கேக்கலாம். எந்திரிச்சுப் போய், எங்க, நாளைக்குத் தண்ணி வந்தா நீங்க திருப்புன்னு சொல்லுவியளான்னு ஒரு வார்த்தை. இத்தனை வருசமாக் கேக்காத வார்த்தையை இன்னைக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேப்பேன். ஐயோ, அடிப்பிடிக்கு. கரண்டி நின்னுபோச்சு. வாசனை வந்துட்டு, லேசா. தீயைக் குறை. கிண்டு. கரிஞ்சது கீழேயே கிடக்கட்டும், மேல இருக்கதைக் கலக்காம எடுத்துக்கிடலாம்.

பிரிஞ்சுட்டு, எண்ணெ மேல வந்துட்டு. அடுப்பை அணைச்சேன். கையில வேலை இல்லைன்னா மனசு இன்னும் மோசம். முடிச்சை எடுத்துக் கார்ல வச்சிருவோம், அதுதான் சரி. சாமி படத்துக்குக்கூடக் காட்டாம, புளிப்பானைக்குப் பின்னால, செல்ஃபு மூலையில ஒரு பித்தளைச் சம்புடத்துக்குள்ள வச்சிருக்கேன் அந்த முந்தியை. முடிச்சை அவுக்கல. காசை இன்னும் கோயிலுக்குச் செலுத்தல. அவ கேட்ட தவணை இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அதை நாளைக்குக் கார் முன்பக்கம் சாமி படத்துக்கிட்ட வச்சிருவேன். ஏம்மா இதுன்னு ராமன் கேப்பான், சித்தி உனக்காக முடிஞ்சதுடேம்பேன். தவணை ஏற்கெனவே கேட்டாச்சு, வண்டி திரும்பினா தப்பு இல்லைம்பேன். சொல்லிருவேன். இதுல என்ன சகுனக் கேடு. ஏணிப்படி ஸ்டூலைப் போட்டு ஏறினேன். பானையை நவட்டினேன். சம்புடம் இருந்துச்சு. மூடி லேசாத் திறந்துச்சு, எப்பவும் மல்லுக்கட்டணும் அதோட. உள்ள ஒண்ணும் இல்ல. கையை விட்டுத் துழாவினேன், பித்தளைதான் குளுந்துச்சு. யாரு எடுத்தா? அபிநயா துடைக்க எடுத்துப் பழந்துணின்னு தூரப் போட்டுட்டாளா? உலகு, நீயா எடுத்துட்டுப் போன? கொண்டா அதை. உனக்கு எதுக்கு இனிமே அது. அடுப்படி முழுக்க புளி வாசம், அதுக்குள்ள ஊடால ஒரு எலுமிச்சம்பழ வாசம், தோலை நகத்தால கீறினா வருமே, அது. சத்தியமா வந்துச்சு. நான் ஃபிரிட்ஜைத் திறக்கல. இறங்கினேன், எப்பிடி இறங்கினேன்னு தெரியல.

இவுகளைத் தேடினேன். நாற்காலியில காணும். டிவி சத்தமில்லாம ஓடுது, வட்டம் வட்டமாச் சுத்துது கடல். உள்ரூம்ல மருமவளும் பேத்தியும் அசந்து தூங்குதாங்க, பிள்ளை வாயைத் திறந்து, கையை விரிச்சு, மழைன்னா என்னன்னே தெரியாம. பின்வாசல் கதவு சாத்தலை. மழையில இந்த மனுசன் எங்க போனாரு? முறத்தைத் தலையில கவுத்திக்கிட்டு முற்றத்துல இறங்கினேன். கார் ஷெட்டு தகரத்துல மழை உரல்ல மிளகாய் இடிக்கிற மாதிரி இடிக்கு. கார் உள்ள யாரோ உக்காந்திருக்காக. முன்னால, இடது பக்கம், பெல்ட்டு மாட்டிக்கிட்டு, நேரா பாத்துக்கிட்டு. இவுகதான். பக்கத்துல ஸ்டியரிங் முன்னால யாரும் இல்ல. எதுத்தாப்ல சுவரு. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டிருக்காக. வாய் அசையுது. கிறுக்குப் பிடிச்சுட்டோன்னு ஒரு நிமிசம் பயந்துட்டேன். கிட்டப் போய்க் காதைக் குடுத்தேன்.

"ராமா, வேண்டாம்ல." நிப்பாட்டிட்டு எச்சி முழுங்குதாக. "ராமா, அப்பா சொல்லுதேன். வண்டியைத்..." அங்கன நின்னுபோவுது. திரும்ப முதல்ல இருந்து. "ராமா, தண்ணி வருது பாரு. வேண்டாம்யா. வண்டியைத் திரு..." நின்னுபோவுது. தொடை மேல வலது கை மூடிக் கிடக்கு, விரலிடுக்குல ஒரு நூல் பிரிஞ்சு தொங்குது, மஞ்சள். என் சம்புடத்துத் துணி. அது எங்க இருக்குன்னு இவுகளுக்கு எப்பத்துல இருந்து தெரியும்? என்னைக்கெல்லாம் எடுத்துப் பாத்துட்டு மறுபடி வச்சாக? மூடி லேசாத் திறந்துச்சே, அடிக்கடி திறக்குத மூடிதான் அப்பிடித் திறக்கும். பாவி மனுசா. அந்தப் பானையை நவட்டி நவட்டித்தான் செல்ஃபுல ஒரு தடம் விழுந்திருக்கு, நான் எலின்னு நினைச்சேன். எனக்கு அழுகை வரல. கோவமும் வரல. வந்துச்சு, வந்து என்னமோ மாதிரி உடைஞ்சுட்டு. "வண்டியைத் திரு... திருப்..." கண்ணு சுவரைப் பாக்கு, சுவத்துல அவுகளுக்கு என்ன தெரியுதுன்னு எனக்குத் தெரியும். நெத்தி வேர்த்துக் கிடக்கு மழையில.

பின் கதவைத் திறந்து ஏறினேன். ஜன்னலோரம், அவுகளுக்கு நேர் பின்னால. அவ இடம். முறத்தை மடியில வச்சுக்கிட்டேன், பேத்தியை வச்சுக்கிடுத மாதிரி. இவுக திரும்பிப் பாக்கல, தோளு மட்டும் அசைஞ்சுச்சு. கண்ணாடியில என் மூஞ்சி தெரிஞ்சிருக்கும். பிறகு அவுக மறுபடி சொன்னாக, மெதுவா, படிக்காத பையன் பாடம் ஒப்பிக்கிற மாதிரி. "ராமா. வண்டியைத் திருப்பு."

"பின்னால கேக்கல"ன்னேன். என் குரலு எனக்கே புதுசா இருந்துச்சு. "மழை அடிக்கும். இஞ்சின் சத்தம் இருக்கும். அவன் உங்க மவன், லேசுல கேக்க மாட்டான். சத்தமாச் சொல்லுங்க. கம்பத்து மேல நிக்கவனுக்குச் சொல்லுத மாதிரி."

அவுக முன்னால இருக்க சுவரைப் பாத்தாக. துணியை இறுக்கினாக. மூச்சை உள்ள இழுத்தது பின்னால எனக்குத் தெரிஞ்சுச்சு.

"ராமா! திருப்புல வண்டியை!"

தகரம் அதிர்ந்துச்சு. மழை ஒரு நொடி நின்ன மாதிரி இருந்துச்சு, நிக்கல. வீட்டுக்குள்ள பேத்தி முழிச்சு வீல்னு கத்த ஆரம்பிச்சா, அபிநயா, என்ன மாமா, என்னாச்சுன்னு ஓடி வார சத்தம். இவுக உக்காந்த இடத்துலயே குலுங்கிக் குலுங்கி அழுதாக, பெல்ட்டைக்கூட அவுக்காம. நான் முன்னால சாஞ்சு, நேரா அந்தத் தோள்ல கையை வச்சேன், அன்னைக்கு எங்களை எல்லாம் இழுத்துப் போட்டு விலகின தோளு.

"கேட்டுச்சு"ன்னேன்.